போர்ட்டைத் திறந்தாலே டிடிஆர் உயர வேண்டுமா?

பெங்களூரில் லினக்ஸ் டிரைவர் (சாதனங்களை இயக்கும் மென்பொருள்) எழுதும் தமிழ்ப் பொறியாளர்களுக்கு,

வணக்கம். பீன்யா தொழிற்பேட்டையில் இயந்திரங்களைப் பராமரிப்பவர்களில் ஒருவன் நான். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டரைப் பழைய கன்ட்ரோலரில் மாட்டித்தான் எங்கள் வேலையில் பாதி நடக்கிறது. ஒரே ஒரு கோரிக்கை: நிரல் சீரியல் போர்ட்டைத் திறந்த உடனே டிடிஆர் (தயார் என்று சொல்லும் கம்பி), ஆர்டிஎஸ் (அனுப்பலாமா என்று கேட்கும் கம்பி) இரண்டையும் கேட்காமலே டிரைவர் உயர்த்துகிறதே, அதை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்ல எங்களுக்கு வழி கொடுங்கள்.

டெலிபோன் மோடம் காலத்தில் அந்த வழக்கம் சரி. டிடிஆர் உயர்ந்தால் டெர்மினல் தயார். இறங்கினால் மோடம் இணைப்பைத் துண்டிக்கும். இன்று மறுமுனையில் பெரும்பாலும் மோடம் இல்லை. ஆர்டுயினோ ஊனோவில் டிடிஆர் ஒரு கெபாசிட்டர் வழியாக ரீசெட்டுக்குப் போகிறது. இஎஸ்பி32 போர்டுகள் பலவற்றில் இரண்டு கம்பிகளும் சேர்ந்து ரீசெட்டையும் பூட் முறையையும் தீர்மானிக்கின்றன. பழுது என்னவென்று லாக் பார்க்கத் திறக்கிறோம்; போர்டு ரீசெட் ஆகி, ரேமில் இருந்த தடயமே போய்விடுகிறது.

ஒரே ஜோடிக் கம்பியில் பல சாதனங்கள் மாறி மாறிப் பேசும் ஆர்எஸ்485 இதைவிட மோசம். ஆர்டிஎஸ்ஸை வைத்து அனுப்புவதா பெறுவதா என்று திசை மாற்றும் கன்வெர்ட்டரில் அந்தக் கம்பி உயர்ந்தால், எங்கள் முனை பஸ்ஸை, அதாவது அந்தப் பொதுக் கம்பியை, பிடித்துக்கொள்ளும். அதே ஜோடிக் கம்பியில் பேசிக்கொண்டிருந்த மீட்டர்களும் மோட்டார் டிரைவ்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஃபால்ட் காட்டும். ஓடிக்கொண்டிருக்கும் லைனில் இது நடந்தால் உற்பத்தி நிற்கும், பதில் சொல்ல வேண்டியவர் ஷிஃப்டில் இருக்கும் டெக்னீஷியன்.

லினக்ஸில் இப்போதிருக்கும் வழிகள் போதவில்லை. நான்பிளாக் (காத்திராதே) என்று கொடுத்துத் திறந்தால் கேரியருக்கு, அதாவது மோடம் இணைந்துவிட்டது என்ற சிக்னலுக்கு, காத்திருப்பது மட்டுமே தவிர்கிறது, கம்பிகள் உயரத்தான் செய்கின்றன. போர்ட் அமைப்பை மாற்றும் எஸ்டிடிஒய் கட்டளையில் ஹப்சிஎல் என்ற அமைப்பை அணைத்தால் மூடும்போது கம்பிகள் இறங்காது. ஆனால் செருகியபின் வரும் முதல் திறப்பை அது காப்பாற்றாது. 485 முறையை ஐஓகன்ட்ரோலில் (நிரல் டிரைவருக்குக் கட்டளை தரும் அழைப்பு) சொல்லலாம்தான், அதற்கும் முதலில் போர்ட்டைத் திறந்தாக வேண்டும். பூட் நேரத்திலேயே 485 என்று டிவைஸ் ட்ரீயில் (போர்டின் வன்பொருளை விவரிக்கும் கோப்பு) எழுதும் வசதி போர்டிலேயே உள்ள யூஆர்ட் என்ற சீரியல் சுற்றுக்குத்தான். யுஎஸ்பியில் செருகுகிற எங்களுக்கு அதனால் என்ன பயன்?

இது முடியாத காரியம் அல்ல. இவ்விரு கம்பிகளையும் தானாகத் தொடாதே என்று சொல்லும் கொடி ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தில் இருக்கிறது. தொடக்க அமைப்புக்கென்றே அங்கே தனிச் சாதனக் கோப்பும் உண்டு.

சீரியல் போர்ட்டுகளைக் கவனிக்கும் லினக்ஸின் டிடிஒய் அடுக்கிலும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் அப்படி ஓர் அமைப்பு வேண்டும், சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்), திறப்பதற்கு முன்பே எழுதக்கூடியதாக. இயல்பு நிலை பழையபடியே இருக்கட்டும், மோடம் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கன்வெர்ட்டரைச் செருகும் கணத்திலும் டிரைவர் இந்தக் கம்பிகளை அசைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கான பேட்ச் (நிரல் திருத்தம்) எழுதினால் சோதிக்க எங்களிடம் பழைய கன்ட்ரோலர்களும் விதவிதமான கன்வெர்ட்டர்களும் இருக்கின்றன. ஓசிலோஸ்கோப் படங்களோடு முடிவை அனுப்புகிறோம்.

அன்புடன்,
பீன்யாவிலிருந்து ஒரு பராமரிப்புப் பொறியாளர்