சோலையாற்றோடு இறங்கி, ஆழியாற்றோடு ஏறி: ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

புரட்டாசியில் பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறை விட்டபோது, என் அம்மாவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு வெள்ளகோவில் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து கிளம்பினேன். வால்பாறை ஏறி, அதிரப்பள்ளி வழியாக இறங்கி, அழிக்கோட்டில் கடலைப் பார்த்துவிட்டு, பொன்னானி, பாலக்காடு, பொள்ளாச்சி என்று சுற்றி வீடு வந்து சேர்ந்தோம். ஐந்து நாள், ஏறக்குறைய 650 கிலோமீட்டர். வண்டியை நானே ஓட்டினேன். வழியில் கைகொடுத்தவர்களில் பாதிப் பேரின் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டேன். அது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. இதைப் படிக்கும் யாராவது உரியவர்களிடம் சொல்லிவிட மாட்டார்களா என்ற ஆசையில் எழுதுகிறேன்.

இந்தப் பயணம் அம்மாவுக்காக. அவருக்கு வயது எழுபத்தொன்று. பிறந்து வளர்ந்தது வால்பாறை எஸ்டேட்டில். பதினெட்டு வயதில் வாழ்க்கைப்பட்டு எங்கள் வறட்டு மேட்டுக்கு வந்தவர், மாடு, பட்டி, கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலம் என்று இருந்துவிட்டார். திரும்ப மலையேறவே இல்லை. எங்களுடையது பி.ஏ.பி. எனும் பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டத்தின் கடைமடை. வால்பாறையில் பெய்யும் மழை சோலையாற்று அணையில் தேங்கி, பரம்பிக்குளம் போய், சுரங்கங்களில் நுழைந்து, சர்க்கார்பதியில் இறங்கி, காண்டூர் கால்வாயில் திருமூர்த்தி அணைக்கு வந்து, அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் வாய்க்காலில் ஓடித்தான் எங்கள் மடையைத் தொட வேண்டும். நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடுகிறார்கள். எங்கள் முறை வந்து, தண்ணீரும் வந்து சேர்ந்த நாளில் அம்மா வாய்க்கால் கரையில் போய் நிற்பார். "எங்கள் ஊர் மழை" என்பார். மிச்ச மழை எங்கே போகிறது என்று ஒருநாள் என் மகள் கேட்டாள். கடலுக்குத்தான் என்றேன். அம்மிச்சி கடலைப் பார்த்ததில்லையே என்றாள். இப்படித்தான் தொடங்கியது.

முதல் நன்றி, பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மாவுக்கு. ஐந்து நாளும் எங்கள் இரண்டு மாடுகளுக்கும் தண்ணீர் காட்டி, பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றி, ஆடுகளைக் கொறங்காட்டில் விட்டுப் பட்டியில் அடைத்தார். கிளுவை வேலியில் ஒரு கடவு திறந்து கிடந்ததைக் கண்டு முள் வெட்டி அடைத்தும் வைத்திருக்கிறார். திரும்பி வந்து கேட்டால், "இதையெல்லாம் போய்ச் சொல்ல வேண்டுமா" என்கிறார். சொல்லத்தான் வேண்டும் பெரியம்மா.

எங்கள் ஊர் ஒர்க் ஷாப் தம்பிக்கு அடுத்தது. பிரேக் பேடுகளை மாற்றி, ரேடியேட்டர் குழாயைப் புதிதாகப் போட்டதற்குக் கூலி வாங்கினார், சரி. ஆனால் இரண்டு நாள் காலையில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு என்னோடு சிவன்மலைக்கு வந்து, மலைப்பாதையில் ஏற்றி இறக்கிப் பழக்கினாரே, அதற்கு ஒரு ரூபாய்கூட வாங்க மறுத்துவிட்டார். "எந்தக் கியரில் ஏறுவீர்களோ, அதே கியரில் இறங்குங்கள் அக்கா. பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். நியூட்ரலில் விடவே கூடாது" என்று அவர் சொன்னதை ஐந்து நாளும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

பொள்ளாச்சி-வால்பாறைத் தடத்தில் பல வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற எங்கள் ஊர்ப் பெரியப்பா, நாட்காட்டித் தாளின் பின்புறம் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் வரைந்து கொடுத்தார். எந்த வளைவில் பஸ் அகலமாகத் திரும்பும், எங்கே ஒதுங்கி வழிவிட இடம் இருக்கிறது, கவர்க்கல் பக்கம் மூடுபனி இறங்கினால் எந்த விளக்கைப் போட வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்பதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தார். என் மகள் அதை மடியில் வைத்துக்கொண்டு வளைவு வளைவாக எண்ணிச் சொன்னாள். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் காட்சிமுனையில் நிறுத்தினோம். கீழே ஆழியாறு அணை முழுதாகத் தெரிந்தது. பெரியப்பா, உங்கள் தாளில் "இங்கே அம்மாவுக்குத் தலைசுற்றல் இருக்கும், பத்து நிமிடம் நிற்கவும்" என்று எழுதியிருந்தீர்கள். நின்றோம். இருந்தது. சரியாகிவிட்டது.

வால்பாறையில் பட்ட கடன் பெரிது.

சோலையாற்று அணைக்குப் போகும் வழியில்தான் அம்மா இருந்த எஸ்டேட். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. ஆட்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டார்களாம். அம்மா பிறந்த வீட்டுக்குக் கூரை இல்லை. அவர் வாசற்படியில் நின்றதைப் பார்த்துவிட்டு அடுத்த வரிசையிலிருந்து ஒரு அக்கா வந்தார். யார் என்ன என்று விசாரித்துவிட்டு, உள்ளே அழைத்துப் போய் வரக்காப்பி போட்டுக் கொடுத்தார். அம்மாவின் அப்பா பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்த லயத்தில் இருந்த மூத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்று அம்மாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். அன்று அவருக்கு வேலைக்குப் போக வேண்டிய நேரம். அரை நாள் கூலியை எங்களுக்காக விட்டுவிட்டார் என்பது கிளம்பும்போதுதான் எனக்குப் புரிந்தது.

பிறகு எங்களைத் தேயிலைச் செடிகளின் ஓரத்துக்கு அழைத்துப் போனார். இப்போது பெரும்பாலும் கத்தரி வைத்துத்தான் வெட்டுகிறார்கள். அம்மா கேட்டார், கையால் பறிக்கலாமா என்று. அந்த அக்கா சிரித்துக்கொண்டே ஒதுங்கி நின்றார். அம்மாவின் விரல்களில் முடக்குவாதம் இருக்கிறது, காலையில் டம்ளர் பிடிக்கவே சிரமப்படுவார். அந்த விரல்கள் செடியின் மேல் போய், இரண்டு இலையும் நடுக் கொழுந்தும் சேர்ந்த இடத்தில் நகம் படாமல் கட்டைவிரலால் ஒரு சொடக்குக் கொடுத்தன. முறித்த இடம் சுத்தமாக இருந்தது. இன்னொன்று. இன்னொன்று. கை நிறைந்ததும் முதுகுக்குப் பின்னால் கொண்டு போனார். அங்கே கூடை இல்லை. ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் கை மறக்கவில்லை. அந்த அக்கா தன் முந்தானையை விரித்து அந்தக் கொழுந்தை வாங்கிக்கொண்டார். அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை வால்பாறைக்குத் திரும்பும்போது, வேலை முடிந்து வந்த பெண்கள் நான்கைந்து பேர் சாலை நடுவில் நின்று கையை ஆட்டி எங்களை நிறுத்தினார்கள். முன்னால் கம்பத்தில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. ஓடையோரம் யானைக்கூட்டம், குட்டியும் இருக்கிறது என்றார்கள். அவர்களுடைய கைப்பேசிகளுக்கு முன்கூட்டியே குறுஞ்செய்தி வந்திருந்தது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் வனத்துறையோடு சேர்ந்து அமைத்த எச்சரிக்கை ஏற்பாடு அது. அதை முன்னின்று செய்த ஆனந்தகுமார் அவர்களுக்கு 2015-இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. விருதைப் பற்றிப் படித்திருந்தேன். அந்த விளக்கின் கீழ் முக்கால் மணி நேரம் காத்திருந்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. அந்தப் பெண்கள் நிறுத்தியிராவிட்டால் அடுத்த திருப்பத்தில் நேருக்கு நேர் போய் நின்றிருப்பேன். புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலை கடக்கும் இடத்தில் நின்று வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்லும் காவலர்களுக்கும் இதோடு நன்றி.

மூன்றாம் நாள் மளுக்கப்பாறைச் சோதனைச் சாவடி. கேரள வனத்துறை ஊழியர் வண்டியிலிருந்த பிளாஸ்டிக் பாட்டில்களை எண்ணி, நேரம் குறித்துச் சீட்டுக் கொடுத்தார். வாழச்சால் சாவடி வரும்வரை எங்கும் நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. நாங்கள் அப்படித்தான் போனோம். நட்டநடுக் காட்டில், மழை தூறத் தொடங்கிய நேரத்தில், பின்பக்கச் சக்கரம் பஞ்சராகிவிட்டது. கைப்பேசியில் சிக்னல் இல்லை. ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது, சக்கரம் மாற்றவும் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு நட் அசையவே இல்லை. சில மாதம் முன்பு டயர் மாற்றிய கடையில் இயந்திரத்தால் அளவுக்கு மீறி முறுக்கிவிட்டிருக்கிறார்கள். ஸ்பேனரைப் பிடித்துத் தொங்கியும் பார்த்தேன். மூங்கில் புதருக்குள் ஏதோ முறியும் ஓசை கேட்டது.

அப்போதுதான் சாலக்குடி போகும் பஸ் வந்தது.

ஓட்டுநர் ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸை எங்கள் வண்டிக்குப் பின்னால், காட்டுப் பக்கம் மறைத்தாற்போல் நிறுத்தினார். இறங்கி வந்து, முன்சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார். ஸ்பேனரை நட்டில் மாட்டி, அதன் நுனியில் காலை வைத்து, பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழு எடையையும் இறக்கினார். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை கிரீச்சென்று விட்டது. பயணிகளில் இரண்டு இளைஞர்கள் சக்கரத்தைக் கழற்றினார்கள். நடத்துநர் விசிலை வாயில் வைத்தபடி சாலையின் இரு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா நனைவதைக் கண்டு, தன் தோளிலிருந்த துண்டை எடுத்து அவர் தலையில் போட்டார். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. பணம் நீட்டியபோது ஓட்டுநர், "வண்டியை எடுங்கள், நான் பின்னால் வருகிறேன்" என்று தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார். வாழச்சால் வரை எங்கள் பின்னாலேயே வந்தார். தாமதம் ஏன் என்று அந்தச் சாவடியில் கேட்ட காவலர், என் கைகளைப் பார்த்ததும் சீட்டை வாங்கிக்கொண்டு சோப்பும் ஒரு வாளித் தண்ணீரும் கொடுத்தார். நான் கை கழுவிக்கொண்டு நிமிர்ந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. துண்டு அம்மாவின் தலையிலேயே இருந்தது.

அதிரப்பள்ளியில் சோலையாற்றுத் தண்ணீர் எண்பதடி உயரத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தது. அணை தாண்டி வந்த பங்கு அது. கீழே அதற்குச் சாலக்குடி ஆறு என்று பெயர். அது பெரியாற்றில் கலந்து கடலைத் தொடும் முகத்துவாரம் அழிக்கோடு. மறுநாள் காலை முனக்கல் கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம் அம்மா கேட்டார், "சோலையாற்றுத் தண்ணீர் இங்கே வருமா?" அவர் வலையை வைத்துவிட்டு எழுந்தார். மழைக்காலத்தில் செந்நிறமாய் வந்து கடலுக்குள் வெகுதூரம் கோடு போட்டாற்போல் தெரியும் என்று கைநீட்டிக் காட்டினார். மலை மூங்கில்கூடக் கரை ஒதுங்குமாம். மீன் விற்க வந்த இரண்டு பெண்கள் அம்மாவை ஆளுக்கொரு கையாகப் பிடித்து அலைக்கு அழைத்துப் போனார்கள். அலை வரும்போதெல்லாம் "இப்போது, இப்போது" என்று சொல்லித் தூக்கிவிட்டார்கள். அம்மா குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். மூவரும் சிரித்தார்கள். நான் கரையில் நின்று அழுதுகொண்டிருந்தேன்.

பொன்னானியில் அம்மாவால் படியேற முடியாதென்று தன் சொந்த அறையைக் காலி செய்து கொடுத்த விடுதிக்காரருக்கும், மறந்து விட்டுவந்த இரத்த அழுத்த மாத்திரைக்காகப் பட்டாம்பியில் நின்றபோது, சீட்டின் படத்தைப் பார்த்து அதே மருந்தைத் தேடி எடுத்து, அழுத்தமும் பார்த்து, மாத்திரைக்கு மட்டும் காசு வாங்கிய மருந்துக்கடைக்காரருக்கும் நன்றி.

திரும்பும் வழி பாரதப்புழையோடு. ஆழியாறு பொள்ளாச்சி தாண்டி மேற்கே திரும்பி, சித்தூர் வழியாக அந்த ஆற்றில்தான் கலக்கிறது. தமிழகமும் கேரளமும் இந்த ஆறுகளின் தண்ணீரைப் பங்கிட்டுக்கொண்ட 1970 ஒப்பந்தத்தைப் பற்றி எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் பேச்செடுத்தால் குரல் உயரும். ஆழியாற்றில், மணக்கடவில் 7.25 டி.எம்.சி., சோலையாற்றில் 12.3 டி.எம்.சி. கேரளத்துக்கு என்பதை எழுத்துக்கூட்டத் தெரியாதவரும் சொல்வார். நானும் கோபமாகப் பேசியவள்தான். சித்தூர் பக்கம் ஒரு களத்து மேட்டு நிழலில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். களத்துக்காரப் பெரியவர் வந்தார். தமிழர்தான். செம்பில் தண்ணீர் கொடுத்து, எந்த ஊர் என்று கேட்டார். சொன்னோம். "வெள்ளகோவிலா? உங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டதா அம்மிணி?" என்றார். அவருடையதும் அந்தப் பக்கத்துக் கால்வாய் ஒன்றின் கடைமடையாம். தண்ணீர் எட்டாத வருடத்தின் கதைகளை அவரும் அம்மாவும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டார்கள். ஐயா, நீங்கள் கேட்ட அந்தக் கேள்வியை எங்கள் ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அந்தத் துண்டைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறோம். வெள்ளைத் துண்டு, நீலக்கரை, ஒரு முனையில் கிரீஸ் கறை போகவில்லை. சித்திரை விடுமுறையில் அம்மாவோடு சாலக்குடிக்கு வருகிறேன். மூலனூர் முருங்கைக்காய் ஒரு கட்டும், எங்கள் மாட்டு நெய் ஒரு படியும் கொண்டுவருவோம். மளுக்கப்பாறை பஸ்ஸின் நடத்துநரையும் ஓட்டுநரையும் அறிந்தவர்கள், அந்த வெள்ளகோவில் அம்மா துண்டைக் கொடுக்க வருகிறார் என்று அவர்களிடம் தயவுசெய்து சொல்லிவையுங்கள்.