எஸ்டீமின் எடை குறைக்கக் கைகொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

தெருவில் ஓடிக்கொண்டிருந்த பழைய மாருதி எஸ்டீம் ஒன்றைப் பந்தயத் தடத்துக்கு ஏற்றபடி மாற்றும் வேலை கிருஷ்ணகிரியில் முடிந்திருக்கிறது. கூலி வாங்கியவர்கள், வாங்க மறுத்தவர்கள், "இந்த வேலையைச் செய்யமாட்டேன்" என்று திருப்பி அனுப்பியவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலரும் சொன்னதால் தொழிலை மட்டும் குறிப்பிடுகிறோம். யார் என்ன செய்தார்கள், ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதை அளவோடு எழுதினால் ஓசூரிலும் தர்மபுரியிலும் இதே வேலையில் இறங்க நினைக்கும் பிள்ளைகளுக்கும் உதவும்.

முதல் நன்றி, கிரானைட் லாரிகளுக்கான எடைமேடை வைத்திருக்கும் ஐயாவுக்கு. லாரி எடைமேடை 10 கிலோ படிகளில்தான் காட்டும். மொத்த எடைக்கு அது போதும். முன்சக்கரம் மட்டும் மேடையில், பிறகு பின்சக்கரம் மட்டும் என்று நிறுத்தினால் முன்பின் பங்கும் தெரிந்துவிடும். முதலில் 880 கிலோ: முன்னால் 540, பின்னால் 340. டேங்கில் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு பெட்ரோல் இருக்கட்டும் என்று முதலிலேயே சொன்னவர் அவர்தான். 40 லிட்டர் பெட்ரோல் கிட்டத்தட்ட 30 கிலோ. அதைக் கணக்கில் விட்டால் கழற்றிய சீட்டின் எடை எல்லாம் பொய்யாகிவிடும்.

கழற்றிய பாகங்களைத் தனித்தனியாக நிறுக்க பிளாட்பார்ம் தராசு தந்த மாங்காய் மண்டி அண்ணனுக்கும் நன்றி. பின்சீட் 14 கிலோ. முன்சீட் இரண்டும் 26. கார்ப்பெட்டும் அடியில் இருந்த சணல் விரிப்பும் 9. தரையில் ஒட்டியிருந்த தார் ஷீட் 6. ஸ்டெப்னியும் ஜாக்கியும் 16. ஏ.சி. முழுவதும் 20. கதவு அட்டைகள் 5, கூரை லைனிங் 3, ஸ்பீக்கரும் ஒயரும் 5. பின்பக்கக் கண்ணாடிகளை மாற்றியதில் மிச்சம் 6. ஆக 110 கிலோ.

காகிதத்தில் பார்க்க நன்றாக இருக்கும் கணக்கு இது. உள்ளே ஏறியதையும் எழுத வேண்டும்: ரோல் கேஜ் (கார் உருண்டாலும் கூரை நசுங்காமல் தாங்கும் உள்குழாய்க் கூண்டு) 36, ஃபைபர் பக்கெட் சீட் அதன் தாங்கியோடு 10, ஆறு முனை பெல்ட் 3, தீயணைப்பான் 4. 53 கிலோ திரும்பி வந்துவிட்டது. நிகர லாபம் 57. எடைமேடை காட்டியது 820. எடையை மாற்றாமல் இதே பலன் கிடைக்க 85 குதிரைத்திறன் எஞ்சினில் இன்னும் ஐந்தாறு குதிரை கூட்ட வேண்டியிருக்கும். "இருநூறு கிலோ குறைத்துவிட்டேன்" என்று யாராவது சொன்னால் கேஜ் போட்டாரா என்று கேளுங்கள்.

ஏ.சி. கழற்றிய பாய்க்குத் தனி நன்றி. குழாயை வெட்டி கேஸைக் காற்றில் விடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. அவர் மெஷின் கொண்டுவந்து கேஸைச் சிலிண்டரில் இழுத்த பிறகே ஸ்பேனரைத் தொட்டார். ஆர்134ஏ வாயு, அதே எடை கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். ப்ளோயரையும் ஹீட்டரையும் கழற்ற விடாததும் அவர்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைப் பக்கம் மழை. ஓட்டுபவரின் மூச்சே முன்கண்ணாடியை மூடிவிடும். அந்த நாலு கிலோவை மிச்சம் பிடித்தால் மூன்றாவது சுற்றில் வளைவு கண்ணுக்குத் தெரியாது.

தார் ஷீட் உரிக்க டிரை ஐஸ் (உறைந்த கரியமில வாயு) ஏற்பாடு செய்த ஓசூர் தம்பிக்கு நன்றி. சிறு துண்டுகளாக உடைத்து ஷீட்மேல் கால் மணி நேரம் பரப்பி வைத்து ரப்பர் சுத்தியால் தட்டினால் ஷீட் அப்பளமாக நொறுங்கும். மைனஸ் 78 டிகிரி என்பதால் தடித்த கையுறை கட்டாயம். கதவு நான்கும் திறந்திருக்க வேண்டும். கரியமில வாயு தரையோடு தேங்கும், உள்ளே குனிந்து வேலை செய்பவருக்கு மூச்சு முட்டும். மிச்சப் பிசினைத் தின்னரால் துடைத்து, தகரம் தெரிந்த இடமெல்லாம் அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். பின்சீட் போன பிறகு டிக்கிக்கும் ஓட்டுநருக்கும் நடுவே தடுப்பே இல்லை. அங்கே 1 மி.மீ. அலுமினியத் தகடு வைத்து, பாப் ரிவெட் அடித்து, ஓட்டைகளை எல்லாம் சீலண்ட் வைத்து மூடியது ராயக்கோட்டை ரோடு டிங்கர் மேஸ்திரி. பெட்ரோல் ஆவியும் தீயும் முன்னால் வராமல் இருக்க இதுதான் வழி. கதவுக்குள் இருக்கும் இரும்புக் குறுக்குத் தடியை வெட்டச் சொன்னபோது, "பக்கத்திலிருந்து இடித்தால் விலா எலும்புக்கு முன்னால் இருப்பது இதுதான்" என்று சொல்லி கட்டரை உள்ளே வைத்துவிட்டார்.

பின்பக்கக் கண்ணாடிகளுக்குப் பதிலாக வைக்கப் பெயர்ப்பலகைக் கடை அக்காவிடம் கேட்டது அக்ரிலிக். எதற்கு என்று விசாரித்துவிட்டு அதை விற்க மறுத்து 3 மி.மீ. பாலிகார்பனேட் தந்தார். அக்ரிலிக் உடைந்தால் கத்தி முனையாகச் சிதறும், பாலிகார்பனேட் வளையும். கண்ணாடியின் எடையில் பாதிக்கும் குறைவு. துளையைப் போல்ட்டைவிட 2 மி.மீ. பெரிதாகப் போட்டு ரப்பர் வாஷர் வைக்க வேண்டும். வெயிலில் ஷீட் விரிந்து இடம் கேட்கும், இறுக்கமான துளையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். பெட்ரோலாலோ தின்னராலோ துடைத்தால் நூல் நூலாக வெடிப்பு ஓடும். சோப்புத் தண்ணீர் போதும். முன்கண்ணாடியை மாற்றவில்லை.

இந்த வேலையிலேயே கனமான பகுதி கேஜ். ஓசூரில் குழாய் வளைத்துத் தந்த பட்டறையினருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். சர்வதேச மோட்டார் பந்தய விதியில் முதன்மை வளைவுக்கு (ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் வளைவு) 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. தடிமன், மற்றவற்றுக்கு 38-க்கு 2.5. தையல் இல்லாத, குளிர் இழுப்புக் குழாயாக இருக்க வேண்டும். கேட் செய்யும் சாதாரணப் பைப்பில் நீளவாக்கில் வெல்டிங் தையல் இருக்கும். வளைக்கும்போதோ அடிபடும்போதோ அந்தத் தையலில்தான் பிளக்கும். வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப்போல் மூன்று மடங்காவது வேண்டும். அதற்குக் குறைந்தால் உள்பக்கம் சுருக்கம் விழும், சுருக்கம் விழுந்த இடம் முதலில் மடங்கும். எடையை முன்கூட்டியே கணக்கிடலாம்: விட்டத்திலிருந்து தடிமனைக் கழித்து, தடிமனால் பெருக்கி, 0.02466-ஆல் பெருக்கினால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 38 மி.மீ. குழாய் 2.19, 45 மி.மீ. குழாய் 2.62.

பாதத் தகடு 3 மி.மீ. தடிமனுக்குக் குறையாமல், ஒவ்வொன்றும் 120 சதுர செ.மீ. பரப்புக்குக் குறையாமல். போல்ட் மூட்டு என்றால் பாதத்துக்கு மூன்று போல்ட், எம்8 அளவு, 8.8 தரம். மெல்லிய தகரத்தில் நேராக ஊன்றினால் கார் உருளும்போது குழாய் தரையைக் கிழித்துக்கொண்டு இறங்கும். கூரைக்கு ஒட்டி நிற்கும் மூட்டின் மேல்பக்கத்தில் வெல்டிங் துப்பாக்கி நுழையாது என்பதால் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். எங்கள் வெல்டர் அண்ணன் பாதம் வரும் இடத்தில் தரையை வெட்டி, கேஜைக் கீழே இறக்கி, மேல்மூட்டைச் சுற்றிலும் முழுதாகப் பிடித்து, பிறகு தூக்கி அடியில் தகடு வைத்து மூடினார். தலை படக்கூடிய இடத்தில் ஏ.சி. பைப்புக்குச் சுற்றும் மெத்து நுரை உதவாது; கெட்டியான பந்தய நுரைதான் அடியைத் தாங்கும். ஹெல்மெட் இல்லாமல் கேஜ் உள்ள காரைத் தெருமுனை வரைகூட ஓட்டக் கூடாது. தோள்பட்டை பெல்ட் பின்னால் கிடைமட்டத்திலிருந்து 20 டிகிரிக்குள் சரிவது நல்லது. 45-ஐத் தாண்டினால் மோதும்போது முதுகெலும்பைக் கீழ்நோக்கி அழுத்தும்.

பழைய ஃப்ளைவீலை (எஞ்சின் சுழற்சியைச் சீராக்கும் கனச் சக்கரம்) கடைந்து எடை குறைக்க மறுத்த லேத்காரருக்கும் நன்றி. வார்ப்பிரும்பு நிமிடத்துக்கு 6,500 சுற்றில் வெடித்தால் கிளட்ச் கூண்டைப் பிய்த்துக்கொண்டு காலுக்கு வரும். வேண்டுமென்றால் உருக்கில் புதிதாகச் செய்து பேலன்ஸ் பார்த்துப் போடு என்றார். அதை விட்டுவிட்டோம்.

பிரேக் மெக்கானிக் ஐயா சொன்னது ஆரம்பத்தில் புரியவில்லை: "எடை குறைத்தாயே, பின்சக்கரம் இனிப் பிடித்துக்கொள்ளும்." எடைமேடைக் கணக்கைப் பாருங்கள். 820-இல் முன்னால் 520, பின்னால் 300. பின்பங்கு 39 சதவீதத்திலிருந்து 37-க்கு இறங்கியிருக்கிறது. பிடிமானமுள்ள டயரில் அழுத்திப் பிரேக் போட்டால் இன்னும் எடை முன்னால் ஓடும். பின்டிரம்மின் பலம் பழையபடியே இருப்பதால் பின்சக்கரம் முதலில் உருளாமல் நின்று, கார் வளைவில் தட்டாமாலை சுற்றும். அவர் காட்டிய மலிவான வழி: முன்னால் மட்டும் சூடு தாங்கும் பேட், பின்னால் பழைய லைனிங். பிரேக்கின் பங்கு முன்னால் நகர்ந்துவிடும். அப்படியும் பிடித்தால் பின்குழாயில் அழுத்தம் குறைக்கும் வால்வு. முன்குழாயில் ஒருபோதும் கூடாது. பிரேக் ஆயில் டாட் 4 தரம்: புதிதில் 230 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்கும். ஈரம் இழுத்த பிறகு விதியில் உள்ள கீழ்வரம்பு 155-தான். பெடல் பஞ்சாகப் போவது இதனால்தான், ஒவ்வொரு தட நாளுக்கு முன்னும் மாற்றிவிட வேண்டும்.

நான்கு சக்கர எடையைச் சரிபார்க்கத் தரை மட்டமாக இருக்க வேண்டும். கிரானைட் பாலிஷ் தொழிற்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை இடம் கொடுத்தவர்களுக்கு நன்றி. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு எளிதில் கிடைக்கும் வசதி இது. ட்யூப் லெவலில் நான்கு இடமும் பார்த்து, குறைந்த பக்கம் மெல்லிய கல் துண்டு வைத்தோம். மி.மீ.க்கு 4 கிலோ தாங்கும் ஸ்பிரிங்கில், ஒரு சக்கரத்தின் கீழ் 5 மி.மீ. பள்ளம் இருந்தால் அந்தச் சக்கரத்தில் 5 கிலோவும் மூலைவிட்டக் கூட்டலில் (எதிரெதிர் மூலைச் சக்கரங்கள் இரண்டின் எடை) 10 கிலோவும் பொய் வரும். ஓட்டுபவருக்குப் பதில் சீட்டில் மூன்று 25 கிலோ அரிசிச் சிப்பம். ஸ்டெபிலைசர் பாரின் (இடது, வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி) ஒரு முனையைக் கழற்றிவிட வேண்டும். தராசுமேல் டயர் பக்கவாட்டில் நகர முடியாமல் இறுகி நின்றால் ஸ்பிரிங் அடங்காது. அதற்கு இரண்டு வழவழப்பான டைல்ஸ், நடுவே கிரீஸ். முன்சக்கரத்தில் எடை 300 கிலோவை நெருங்கும் என்பதால் முன்னால் 500 கிலோ தராசு வேண்டும். முன் வலதையும் பின் இடதையும் கூட்டினால் மொத்தத்தில் பாதி வரும்வரை ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டைத் திருகினோம். எடை குறைந்ததும் கார் மேலே எழும்பும், டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும். அதனால் அலைன்மென்ட் கடைசி வேலை; முன்னால் கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் அளவு) மைனஸ் 2 டிகிரி, டோ பூஜ்யம்.

பிளாட்பெட் லாரி ஓட்டுநர் அண்ணனுக்கும் கடன்பட்டிருக்கிறோம். 1988 மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 இப்படி மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்ட இடம் தராது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கோ கோவை செட்டிபாளையம் தடத்துக்கோ லாரியில் ஏற்றித்தான் போக வேண்டும். அவர் ராட்செட் பெல்ட்டைப் பாடியில் கட்டாமல் சக்கரத்தின் மேல் கட்டினார். பாடியில் கட்டினால் தொப்பூர் இறக்கத்தில் ஸ்பிரிங் அமுங்கும்போதெல்லாம் பெல்ட் தளரும், நிமிரும்போது சுண்டி இழுக்கும். சக்கரத்தில் கட்டினால் கார் தன்பாட்டுக்கு ஆடும், பெல்ட் ஆடாது. 50 கி.மீ. போனதும் ஒருமுறை நிறுத்தி இறுக்கிப் பார்ப்பது அவர் வழக்கம்.

மண்டி அண்ணனின் தராசுகள் நான்கும் துடைத்து, முத்திரைச் சீட்டு கிழியாமல், மாங்காய் வரத்துக்கு முன்பே திரும்பிவிடும். எடை எழுதிய நோட்டும் கேஜ் வரைபடமும் ராயக்கோட்டை ரோடு டிங்கர் பட்டறையில் இருக்கின்றன. வேண்டியவர்கள் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம். கழற்றிய பின்சீட் நல்ல நிலையில் இருக்கிறது. எஸ்டீம் வைத்திருப்பவர் யாருக்காவது தேவைப்பட்டால் வந்து எடுத்துப் போகலாம், காசு வேண்டாம்.