லேபிளில் கொண்டைக்கடலையையும் எழுதச் சொல்லுங்கள்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணைய அதிகாரிகளுக்கு, வணக்கம்.

என் மகளுக்குக் கொண்டைக்கடலை அலர்ஜி. சாப்பிட்டால் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். சுண்டலை ஒதுக்கினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். கடலைப் பருப்பு, பொட்டுக்கடலை, கடலை மாவு எல்லாமே கொண்டைக்கடலைதான், அதனால் தேங்காய்ச் சட்னி, பஜ்ஜி, மிக்சர், மைசூர்பாகு என்று எதையும் விசாரிக்காமல் அவளுக்குக் கொடுக்க முடியாது.

உங்கள் 2020 லேபிள் விதிகளில் ஒவ்வாமைப் பொருள்களைத் தனியாகக் காட்டச் சொல்லியிருக்கிறீர்கள், நல்லது. பால், முட்டை, மீன், கோதுமை எல்லாம் அதில் உண்டு. ஆனால் பயறு இனத்தில் வேர்க்கடலையும் சோயாவும் மட்டும்தான். தினமும் பருப்பு சாப்பிடுகிற நாட்டில் கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு, பட்டாணி ஒன்றுகூட இல்லையே! பெரிய ஓட்டல்கள் மெனுவில் போட வேண்டிய ஒவ்வாமைத் தகவலும் இதே பட்டியல்படிதான், ஆக சட்னியில் பொட்டுக்கடலை இருப்பதை அங்கேயும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு, பட்டாணி மூன்றையும் பட்டியலில் சேர்க்கும்படி நான் ஒன்றாகவே கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இவற்றின் விதைகளில் சேமிப்பாக இருக்கும் புரதங்கள், குறிப்பாக விசிலின், ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய சாயல் கொண்டவை, வேகவைத்தாலும் முழுசாக அழிவதில்லை, அதனால் ஒன்றுக்கு எதிராக உடம்பு உருவாக்கிய எதிர்ப்பொருள் மற்றதையும் எதிரியாகவே பார்க்கலாம். அதற்காக எல்லாப் பருப்பும் ஆபத்து என்று சொல்லவில்லை. வேர்க்கடலை ஒவ்வாதவர்களில் பலர், பரிசோதனையில் மற்ற பயறுகளுக்கும் பாசிட்டிவ் வந்தாலும், அவற்றைச் சிக்கலில்லாமல் சாப்பிடுகிறார்கள். எதில் எது இருக்கிறது என்று தெரியாத பயத்தில் பருப்பையே மொத்தமாக நிறுத்திவிடும் வீடுகளை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை, பிள்ளை வளரப் புரதம் வேண்டாமா?

வெந்தயமும் பயறு இனம்தான், வேர்க்கடலை ஒவ்வாத சிலருக்கு அதுவும் ஆகாது. அதை 'மசாலாப் பொருள்கள்' என்ற பொதுப் பெயருக்குள் அடக்கிவிட விதி இடம் தருகிறது.

வேர்க்கடலை ஒவ்வாதவர்களுக்கு லூபின் பயறும் ஆபத்தாகலாம் என்று தெரிந்ததும் ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. அதே போல் கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு, பட்டாணி மூன்றையும் நீங்களும் சேருங்கள். அப்புறம், மசாலாவில் வெந்தயம் இருந்தால் அதையும் பெயர் சொல்லி எழுத வையுங்கள்.