ஆன்றோவைப் பற்றி

பிரிய செல்வின்,

உன் நாவலின் கைப்பிரதி வந்து சேர்ந்தது, படித்தும் முடித்தாச்சு. பதில் தாமதமானதற்குக் கோபப்படாதே. "நல்லாருக்கு மக்கா" என்று ஒரு வரி போட்டு அனுப்ப மனசு வரவில்லை. இங்கே எல்லாரும் சுகம். டொமினிக் சாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஜெபா அண்ணன் இன்னும் அந்தப் பாறசாலை பஸ் கதையைத்தான் ஆள் பிடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இனி ஆன்றோ. களியக்காவிளைப் பக்கத்துப் பையன், வயது பதினேழு, தனக்குப் பையன்கள் மேல்தான் ஈர்ப்பு என்று தெரிந்து கலங்கி நிற்கிறவன். பதின்வயதுப் பிள்ளைகள் படிக்கத் தமிழில் இப்படியொன்றை எழுத நீ உட்கார்ந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். அதனால்தான் ஒன்றையும் விடாமல் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கோ.

ஏழாம் அத்தியாயம் வரைக்கும் பையன் தன்னை வெறுக்கிறான். எட்டில் அம்மாவிடம் சொல்கிறான், அவள் அழுது கட்டிப்பிடிக்கிறாள். ஒன்பதில் ஆள் தெளிந்துவிட்டான். நடுவில் என்ன நடந்தது? அம்மா அவனை ஏற்றுக்கொண்டால் அவனும் தன்னை ஏற்றுக்கொண்டான் என்று ஆகிவிடுமா? வீடே அணைத்துக்கொண்டாலும் உள்ளுக்குள் கூனிக்குறுகுகிறவர்கள் உண்டு. வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாமலே நிமிர்ந்துவிட்டவர்களும் உண்டு. நீ அவனுடைய மீட்சியை முழுக்க அம்மா கையில் கொடுத்துவிட்டாய். அம்மாவிடம் சொல்ல வாய்ப்பே இல்லாத ஒரு பையன் இதைப் படித்தால் அவனுக்கு இதில் என்ன இருக்கிறது?

விவியன் காஸ் என்ற ஆஸ்திரேலிய உளவியலாளர் 1979இல் இந்தப் பயணத்தை ஆறு நிலைகளாகப் பிரித்தார்: குழப்பம், ஒப்பிட்டுப் பார்த்தல், பொறுத்துக்கொள்ளல், ஏற்றல், பெருமிதம், ஒருங்கிணைவு. எல்லாரும் இந்த வரிசையில் போவதில்லை. சிலர் முன்னே போய்த் திரும்பி வருவார்கள், சிலர் ஒரேயிடத்தில் வருஷக்கணக்காக நிற்பார்கள். அதனால் கதையை இதற்கேற்ப வளைக்காதே, பிரதியைச் சோதிக்க மட்டும் வைத்துக்கொள். ஒவ்வொரு அத்தியாயத்தின் ஓரத்திலும் ஆன்றோ எந்த நிலையில் நிற்கிறான் என்று பென்சிலால் குறி. குழப்பம் ஏழு அத்தியாயம் ஓடுகிறது, பொறுத்துக்கொள்ளலுக்கு ஒரு பக்கம்கூட இல்லை. கதை அங்கேதான் மக்கா இருக்கிறது. "நான் இப்படித்தான் போல, என்ன செய்ய" என்பவன் "நான் இப்படித்தான், இதில் தப்பொன்றும் இல்லை" என்று வந்து சேர்கிற தூரம்தான் நாவல்.

அதைப் பேச்சில் காட்டவே வேண்டாம். ராத்திரி ராத்திரி போனில் தேடினதையெல்லாம் அழித்துவிட்டுப் படுக்கிறவன், ஒருநாள் அழிக்காமலே தூங்கிப்போகட்டும். மாமா கேலியாக "எவள பாத்து வச்சிருக்கலே?" என்று கேட்கும்போதெல்லாம் கூடப்படிக்கிற யாரோ ஒருத்தியின் பேரைச் சொல்கிறவன், இந்த முறை "யாருமில்ல" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடட்டும். உண்மையைச் சொல்லணும் என்றில்லை, பொய்யை நிறுத்தினால் போதும்.

ரப்பர் ஷீட் அடிக்கிற காட்சி இந்த நாவலின் உயிர். டிஷ்ஷில் உறைந்த பாலை எடுத்துக் கையால் பரத்தி, ஆன்றோவின் மனசு போகிற அந்த ரெஜி மெஷின் கைப்பிடியைச் சுற்ற ஆன்றோ ஷீட்டை உருளைக்குள் கொடுக்கிறான். ஆசிட் வாசனை, தண்ணீர் சொட்டுகிறது, ரெஜியின் முழங்கை பக்கத்தில். அவ்வளவு அழகாக எழுதிவிட்டு, அடுத்த பாராவில் அவன் மனசை உட்கார்ந்து விளக்குகிறாய். அந்தப் பாராவை வெட்டு. மறுபக்கம் வருகிற ஷீட்டைப் பிடிக்க மறந்து அது மண்ணில் விழட்டும். மண் ஒட்டின ஷீட்டுக்குத் தரமும் போச்சு, விலையும் போச்சு. அப்பா கத்துவார். வாசகனுக்கு எல்லாம் விளங்கிவிடும்.

காலக்கணக்கும் இடிக்கிறது. 2016இல் பிளஸ் டூ படிக்கிறவன் அதே வருஷம், ஒருபாலுறவு குற்றமில்லை என்ற 377ஆம் பிரிவுத் தீர்ப்பைக் கேட்க முடியாது. உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2018 செப்டம்பர் 6. பேசாமல் கதையை 2017 ஜூனில் தொடங்கு. ஆகஸ்ட் 24 அந்தரங்க உரிமைத் தீர்ப்பு வருகிறது, அதிலேயே பாலீர்ப்பைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். நவம்பர் கடைசியில் ஒக்கி புயல். நம் ஊரில் ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்ததும் நாள்கணக்கில் கரண்ட் இல்லாததும் நான் உனக்குச் சொல்லணுமா? போன் செத்துவிடும். அதுவரை அந்தத் திரைக்குள்ளேயே பதில் தேடினவன், முறிந்த மரங்களுக்கு நடுவில் தன்னோடு தனியாக இருந்தாகணும். நீ தொலைத்த அத்தியாயத்தை அங்கே வை. 377 தீர்ப்பு வருகிறபோது கல்லூரி முதலாண்டில் இருப்பான். அதற்கு முன்பே அவன் பாதி தூரம் வந்திருக்கணும். தீர்ப்பு அவனுக்குத் துணை நிற்கலாம், அவன் வேலையைச் செய்துகொடுக்கக் கூடாது.

அந்த மனநல மருத்துவர் "மாற்றுகிறோம் என்று சிகிச்சை கொடுக்க நீதிமன்றத் தடை இருக்கிறது" என்கிறாரே, சென்னை உயர் நீதிமன்றம் அப்படி உத்தரவிட்டது 2021 ஜூன் 7. உன் கதைக்காலத்தில் அவர் சொல்லக்கூடியது, உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே ஒருபாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது என்பதுதான். அதுவே போதும்.

அடுத்து, ரெஜியைச் சாகடிக்காதே. படந்தாலுமூட்டில் பைக் விபத்து எதற்கு? 1969இல் ஜான் டோனவன் இப்படியொரு பையனைப் பற்றி அமெரிக்காவில் எழுதினார். இளையோர் நாவலில் இதற்கு அதுவே தொடக்கம் என்பார்கள். அதில் பையனின் நாய் கார் மோதிச் சாகிறது, தான் செய்ததற்குத் தண்டனை என்று அவன் நினைத்துக்கொள்கிறான். அதற்குப் பிறகும் எத்தனையோ கதைகளில் விபத்தும் சாவும்தான். 1982இல் நான்சி கார்டன் எழுதிய இரண்டு பெண்களின் கதையில் யாரும் சாகவில்லை, கடைசியில் ஒன்றும் சேர்கிறார்கள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் திறந்த கதவை நீ ஏன் சாத்துகிறாய்? ரெஜிக்கு ஆன்றோ மேல் அப்படியொரு எண்ணமே இல்லை என்று வை. ஆன்றோ அழுவான், பிறகும் தன்னை வெறுக்காமல் இருப்பான். அதுதான் கடினமான இடம், எழுதிப் பார்.

சித்தப்பா சின்ன வயதில் செய்த கொடுமையால்தான் ஆன்றோ இப்படி ஆனான் என்ற குறிப்பை அடியோடு எடு. அது உண்மையும் இல்லை, படிக்கிற பிள்ளைக்கு விஷம். ஐந்தாம் அத்தியாயத்தில் அவன் சாக முயல்கிற இடத்தில் எப்படி, எதைக்கொண்டு என்ற விவரம் ஒரு வார்த்தைகூட வேண்டாம். அந்த ராத்திரி யாரிடமாவது பேசி விடியட்டும். பிறகு, இருவருக்கும் பதினேழு. போக்ஸோ சட்டத்தில் பதினெட்டு ஆகாதவர்கள் குழந்தைகள். உடல் நெருக்கம் எழுதாமல் விட்டிருக்கிறாய், அப்படியே இருக்கட்டும்.

திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ் இறங்கி, யாருக்கும் மகனாக இல்லாமல் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற பக்கத்தில் கைவைக்காதே. ஆனால் அங்கே வந்து எல்லாவற்றையும் விளக்குகிற அந்தக் கொச்சிக்காரப் பேராசிரியரைத் திருப்பி அனுப்பு. அவன் வயதுப் பையன் ஒருத்தன் மலையாளத்தில் "நீ எந்த ஊரு?" என்று கேட்டாலே நிறைய.

ஒக்கி அத்தியாயத்தை மட்டும் முதலில் எழுதி அனுப்பு, மற்றதைப் பிறகு பார்க்கலாம். டொமினிக் சாரிடம் இப்போதைக்குக் கொடுக்காதே, கண் தெளிந்த வேகத்தில் சந்திப்பிழை பார்க்க உட்கார்ந்துவிடுவார். கிறிஸ்துமஸுக்கு வருகிறாயா என்றும் எழுது.

அன்புடன்,
சுந்தர்