சி டிரைவ் சிவப்பாக இருக்கிறது

பாப்பா,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். தாத்தா சதாபிஷேக போட்டோவைத் தேடுகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை ஸ்கிரீனைக் காட்டினாயே, அப்போதே பார்த்தேன். டெஸ்க்டாப்பில் வால்பேப்பரே தெரியவில்லை, அவ்வளவு ஃபைல். சி டிரைவ் கோடு வேறு சிவப்பு. பத்தில் ஒரு பங்குகூட இடம் மிச்சமில்லை என்றால்தான் விண்டோஸ் அப்படிக் காட்டும். டிடிபி கடைக்காரி மகளின் கம்ப்யூட்டரா அது?

கடையில் கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் நோட்டீஸ் என்று எத்தனை ஃபைல் கிடந்தது! "அக்கா, அந்த வருஷ பேனர்" என்று யார் வந்து நின்றாலும் உடனே எடுத்துக் கொடுப்பேன். பெயரில் முதலில் வருஷம், அப்புறம் மாசம், கடைசியில் தேதி. 2014-08-21 என்று வைத்தால் அதுவே வரிசையில் நிற்கும். தேதியில் ஆரம்பித்தால் எல்லா மாசத்து 21-ம் தேதியும் ஒன்றாக வந்து குவியும். உனக்கும் சொல்லிக் கொடுத்ததுதான். நீயோ ஃபைனல், ஃபைனல்2, ஃபைனல்_கடைசி என்று வைத்திருக்கிறாய். ரிசைன்_ஃபைனல்2 என்றுகூட ஒன்று இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

டவுன்லோட்ஸ் ஃபோல்டரை சைஸ்படி வரிசைப்படுத்து. பெரியதெல்லாம் மேலே வரும், வேண்டாததை அழி. ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தால்தான் இடம் திரும்பக் கிடைக்கும். தினமும் ஷட் டவுன் பண்ணியும் மெதுவாக ஓடுகிறது என்றாயே. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் விண்டோஸ் முழுசாக மூடாது. பாதியை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் அதையே எடுத்து ஓட்டும். நேற்றைய கோளாறும் கூடவே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் புதுசாக ஆரம்பிக்கும். வாரம் ஒருதரமாவது ரீஸ்டார்ட் பண்ணு. கிளீனர் என்று பல்லைக் காட்டிக்கொண்டு வரும் எதையும் இறக்காதே.

சித்தப்பா வீட்டு விஷயம் முடிந்தது. நீ சொன்னபடியேதான் ஆச்சு. நேரில் சொல்கிறேன்.

அது ஆபீஸ் லேப்டாப், பாப்பா. அதுதான் எனக்குத் தூக்கம் வரவில்லை. பொதுவாகச் சொல்கிறேன், வேலையை விடுகிறவர்களுக்குக் கடைசி நாளில் லாகினை மூடிவிடுவார்கள். சில இடத்தில் லெட்டர் கொடுத்த அன்றைக்கே. சம்பள ஸ்லிப், ஃபார்ம் 16, பிஎஃப் பேப்பர், நம் வீட்டு போட்டோ எல்லாவற்றையும் வெளியே எடு. பென் டிரைவ் போட விடவில்லை என்றால் ஐடி ஆளிடம் கேட்டே எடு. கம்பெனி ஃபைல் ஒன்றைக்கூடத் தொடாதே. பேங்க்கிலோ பிஎஃப்பிலோ ஆபீஸ் மெயில் கொடுத்திருந்தால் இப்போதே மாற்று.

எல்லாம் நெட்டில், ஒன்டிரைவில் இருக்கிறதே என்பாய். கம்பெனி கணக்கு என்றால் அதுவும் அவர்களோடு போகும். சொந்தக் கணக்கானாலும் சின்க் வேறு, பேக்கப் வேறு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். மூன்று பிரதி வேண்டும், இரண்டு விதமான இடத்தில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. ஒன்றை இங்கே அனுப்பு, நான் வைத்திருக்கிறேன்.

நீ அங்கே சேர்ந்த அன்று உன் ஐடி கார்டு போட்டோவைக் கடை மானிட்டரில் போட்டு, ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். அதற்காக நீ அங்கேயே கிடக்க வேண்டும் என்று இல்லை. ஆனால் ஒரு மாசமாக நீயாக ஒரு போன் பண்ணவில்லை. வேலை அதிகம் என்கிறாய். ராத்திரி இரண்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஆன்லைன் என்று காட்டுகிறது.

ஒரு டெராபைட் வெளி ஹார்டு டிஸ்க் வாங்கிக்கொள், பணம் போடுகிறேன். இரண்டு மாச வாடகையும் சேர்ந்தே வரும். ஏன் என்று கேட்டு எனக்கு எழுதாதே. அப்பாவிடம் ஹார்டு டிஸ்க் விலை என்றுதான் சொல்லியிருக்கிறேன், அவர் கேட்டால் நீயும் அப்படியே சொல்.

அம்மா