வேன் பத்திரமாகப் புனலூர் போய் வந்தது, அண்ணாச்சி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நலம். உங்களிடம் வாங்கிய மாருதி ஆம்னி வேனும் நலம். சாவி என் கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, இன்னும் "அண்ணாச்சி வண்டி" என்றுதான் வீட்டில் எல்லாரும் சொல்கிறோம்.

போன சனிக்கிழமை அம்மாவை ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்து புனலூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய் வந்தேன். 2009 மாடலை நம்பி மலை ஏறாதே என்று மச்சான் போனிலேயே தடுத்தார். ஆம்னி தயாரிப்பையே 2019-ல் நிறுத்திவிட்டார்கள், வழியில் நின்றால் என்ன செய்வாய் என்று கேட்டார். ஆனால் முட்டுவலியோடு பஸ் படி ஏற அம்மாவால் முடியாது. இந்த வேனில் கதவைத் தள்ளிவிட்டால் போதும், முதலில் சீட்டில் உட்கார்ந்துகொண்டு அப்புறம் காலை எடுத்து உள்ளே வைக்கிறாள். நான் இதை வாங்கியதே அதற்காகத்தான்.

புறப்படும் முன் நான்கு டயரையும் மாற்றினேன், வருத்தப்படாதீர்கள். பட்டன் தேயாமல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பக்கவாட்டில் 3117 என்று போட்டிருந்தது. 2017-ம் வருஷத்து 31-வது வாரத்தில் செய்த டயர். அதிகம் ஓடாவிட்டாலும் ரப்பர் வருஷக்கணக்கில் இறுகிப்போகும். அம்மாவை வைத்துக்கொண்டு அதில் மலை இறங்க எனக்கு மனசு வரவில்லை.

செங்கோட்டை வரை ஒரு குறையுமில்லை. புளியரை எஸ் வளைவில் ஒரு லோடு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். ஃபர்ஸ்ட் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தோம். என்ஜின் சீட்டுக்கடியில் அல்லவா, முதலில் தொடையில் சூடு தெரிந்தது. அப்புறம்தான் என்ஜின் சூட்டைக் காட்டும் ஊசியைப் பார்த்தேன், பாதியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டிவிட்டு, டேஷ்போர்டில் நீங்கள் விட்டுவைத்த நோட்டை எடுத்தேன். ஆயில் மாற்றிய கணக்குக்கு நடுவே சிவப்பு மையில் எழுதியிருந்தீர்கள்:

"ஏத்தத்தில் ஊசி ஏறினால் நிறுத்து. உடனே ஆஃப் பண்ணாதே, ஃபேன் ஓடுதா பார். ஓடலைன்னா சாக்கெட்டை அமுக்கு. ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதே."

ஃபேன் ஓடவில்லை. ஃபேனுக்குப் போகும் வயரின் சாக்கெட்டை அமுக்கியதும் சுற்ற ஆரம்பித்தது. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும். லாரிக்குப் பின்னால் ஊரும்போது அந்தக் காற்று கிடையாது, ஃபேன் ஒன்றுதான் கதி. அதுவரை சமவெளியிலேயே ஓட்டிக்கொண்டிருந்ததால் சாக்கெட் தளர்ந்திருந்தது எனக்குத் தெரியவே இல்லை. பத்து நிமிஷத்தில் ஊசி இறங்கியது. உள்ளே உட்கார்ந்தபடி அம்மா, "யாருல எழுதுனது?" என்று கேட்டாள். சொன்னேன். "எழுதி வச்ச மனுசன் நல்லாருக்கணும்" என்றாள். அதை உங்களிடம் சேர்க்கத்தான் முக்கியமாக இந்தக் கடிதம்.

பழைய வண்டி வாங்கும்போது எல்லாரும் பெயிண்டையும் கிலோமீட்டரையும் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். அந்த நோட்டை அன்றைக்கு நீங்கள் தனியாக எடுத்துக் காட்டியபோது பாதி கவனத்தோடுதான் தலையாட்டினேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆரியங்காவு தாண்டி இறக்கத்தில் செகண்ட் கியரிலேயே விட்டேன், பிரேக்குக்கு அதிகம் வேலை வைக்கவில்லை. தென்மலைக்கு முன்னால் பதின்மூன்று கண் பாலத்தடியில் நிறுத்தி அம்மாவுக்குக் காட்டினேன். 1904-ல் கொல்லம் ரயில் செங்கோட்டைக்கு வந்த காலத்துக் கல் பாலம். சின்ன வயதில் அதன்மேல் ரயிலில் போயிருக்கிறாளாம், கீழிருந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்ததும் புது சாக்கெட் போட்டு, தேதியும் கிலோமீட்டரும் நோட்டில் உங்கள் வரிகளுக்குக் கீழே எழுதிவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நோட்டின் நடுப்பக்கத்தில் "அச்சன்கோவில் போகையில் மறுபடி அதே சத்தம்" என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு மேலும் கீழும் எதுவும் இல்லை. என்ன சத்தம் அண்ணாச்சி? முன்னாலிருந்தா, பின்னாலிருந்தா? அடுத்த மாதம் நாங்கள் அங்கேதான் போகிறோம்.

அன்புடன்,
உங்கள் தம்பி