சனிக்கிழமை பிரசெல்ஸ் போன தங்கச்சிக்கு

தங்கச்சி,

நேற்றுப் பின்நேரம் சின்னம்மா கல்லடிக்கு வந்திருந்தார். வந்தவர் கதிரையில் உட்காரக்கூட இல்லை, போனை நீட்டி "இது எந்த இடம் என்று பார்த்துச் சொல்லு" என்றார். பார்த்தால் நீ. பிரசெல்ஸில் அந்தப் பெரிய சதுக்கத்தில் கையில் வாஃபிளோடு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். அதற்கு முந்தின சனி மாஸ்ட்ரிக்ட், அதற்கும் முந்தினது கொலோன். "படிக்கத்தானே போனவள்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன், அவர் உண்மையிலேயே தெரியாமல் கேட்டார், அதுதான் எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது.

"படிக்கிறாள் சின்னம்மா, அங்கே எல்லோரும் சனி ஞாயிறு அப்படித்தான்" என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகுதான் யோசித்தேன், நீ படிக்கிறாயா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஜெர்மனியில் ஆகனுக்குப் படிக்கப் போ என்று உன்னைப் பிடித்துத் தள்ளினது நான். அதனால் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் தனியே அனுப்பியிருக்கலாம்தான், ஆனால் ஒலுவில், பேராதனை கம்பஸ்களில் முடித்துவிட்டு வெளிக்கிட நிற்கிற பிள்ளைகள் நாலைந்து பேர், அங்கே ஊர் சுற்றுவதையும் படிப்பையும் எப்படிச் சமாளிப்பது என்று என்னிடம் கேட்டுவிட்டார்கள். அவர்களும் வாசிக்கட்டும்.

முதலில் ஒன்று. போகாதே என்று நான் சொல்லப் போவதில்லை. இத்தனை நாடுகளுக்கு நடுவில் இரண்டு வருடம் இருந்துவிட்டு அறையும் லைப்ரரியும் மட்டும் பார்த்து வந்தால் அது என்ன கதை. ஆகன் டவுனில் சாதாரண பஸ்ஸில் ஏறினால், கல்லடியிலிருந்து ஆரையம்பதிக்குப் போகிற மாதிரி, அது பாட்டுக்கு எல்லை தாண்டி நெதர்லாந்தின் வால்ஸில் கொண்டுபோய் இறக்கிவிடும். அங்கிருக்கிற மேடு 322 மீட்டர்தான், அதை மலை என்று சொல்லிக்கொண்டு ஏறுவார்கள், ஏறினால் மூன்று நாடும் ஒரு கல்லில் சந்திக்கும். அதையும் பார்க்காமல் எப்படி இருப்பது.

ஆனால் நான் பார்த்த விதம் பிழை. அதை உனக்கு இதுவரை சொல்லவில்லை, வீட்டிலும் முழுதாக ஒருவருக்கும் தெரியாது.

2022 அக்டோபரில் நானும் ஆகனுக்குத்தான் படிக்கப் போனேன். நவம்பர் தொடக்கம் நத்தார் வரை ஒரு சனி ஞாயிறுகூட நான் அறையில் இருக்கவில்லை. வெள்ளி இரவு பஸ், திங்கள் விடியப்புறம் ஐந்து மணிக்குத் திரும்பி வந்து, எட்டரை லெக்சரில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவேன். பிராக் போனபோது ஹைட்ராலிக்ஸ், அதுதான் தண்ணீர் ஓட்டம் பற்றின பாடம், அந்தக் குறிப்பு முழுவதையும் பையில் போட்டுக்கொண்டு போனேன், பஸ்ஸில் படிக்கலாம் என்று. மூன்று கிலோ இருக்கும். அந்தப் பழைய பாலத்தைக் குறிப்போடு சேர்த்துச் சுமந்து கடந்தேன், ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. பாலத்தில் நிற்கும்போது குறிப்பு ஞாபகம், அறையில் குறிப்பைத் திறந்தால் பாலம் ஞாபகம். பெப்ரவரியில் அந்தப் பாடத்துக்கு ரிசல்ட் வந்தது, 5.0. அம்மாவிடம் போனில் "ஐந்து" என்று சொன்னதும் அவர் சந்தோஷப்பட்டு மாமாங்கேஸ்வரருக்கு அர்ச்சனை செய்துவிட்டார். அங்கே 1.0தான் உச்சம், 4.0 வரை பாஸ், 5.0 என்றால் ஃபெயில் என்று விளக்க எனக்கு வாய் வரவில்லை. அர்ச்சனையையும் திருப்பி எடுக்க முடியாது.

ஏன் இப்படி நடக்கிறது என்று இப்போது விளங்குகிறது. ஊரில் எங்களை யாராவது தள்ளிக்கொண்டே இருப்பார்கள். குவிஸ், லாப் ரிப்போர்ட், வரவுப் பதிவு, அதற்கும் முன்னால் ரியூஷன் சேர், எல்லாவற்றுக்கும் மேலே அம்மா. அங்கே பெரும்பாலான லெக்சருக்கு வரவே கேட்க மாட்டார்கள். கடைசியில் ஒரே ஒரு பரீட்சை, அதில்தான் முழுப் புள்ளியும். ஒக்டோபரில் நீ ஒன்றும் செய்யாவிட்டால் ஒக்டோபரில் ஒன்றும் நடக்காது, அதுதான் ஏமாற்று. கணக்குப் போட்டுப் பார். செமஸ்டருக்கு 30 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணித்தியால வேலை. கூடினதை எடுத்தால் 900 மணித்தியாலம். ஆறு மாதத்துக்கு 26 கிழமை, கிழமைக்குக் கிட்டத்தட்ட 35, தாங்கக்கூடிய அளவுதான். ஆனால் முதல் 16 கிழமையும் நீ இருபது இருபதாகச் செய்துகொண்டு ஊர் சுற்றினால் மிச்சம் 580 மணித்தியாலம் பத்துக் கிழமைக்குள் வந்து விழும், கிழமைக்கு 58. அதிலும் பரீட்சைகள் பத்தாவது கிழமை வரை உனக்காகக் காத்திராது, சில பெப்ரவரி தொடக்கத்திலேயே வந்துவிடும். நான் அந்தப் பெப்ரவரியில் சாப்பிட்டதெல்லாம் பாணும் நியூட்டெல்லாவும்.

இரண்டாம் முறை அதே பாடத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். குழாய்த் தண்ணீர் சிங்கில் விழுந்து மெல்லிசாக வட்டமாக ஓடி, கொஞ்ச தூரத்தில் திடீரென்று தடித்து எழும்புமே, கவனித்திருக்கிறாயா? அதுதான் ஹைட்ராலிக் ஜம்ப். வேகமாக, ஆழமில்லாமல் வரும் தண்ணீர் சட்டென்று எழும்பி நுரைத்து ஆழமாகி மெதுவாகிவிடும், தண்ணீரின் வேகத்தை அதன் மேல் போகிற அலையின் வேகத்தோடு ஒப்பிடுகிற ஃப்ரூட் எண் 1க்கு மேலிருந்து 1க்குக் கீழே இறங்குகிற இடம். அந்த நுரைக்குள்தான் தண்ணீரின் சக்தி செலவாகிறது, இல்லாவிட்டால் அது கீழே அடிமண்ணை அரித்துக்கொண்டு போய்விடும். குழாயை மூடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன் புள்ள. உன்னிச்சைக் குளத்து வான்கதவு திறந்தார்கள் என்று கேள்விப்பட்டால் அப்பா எங்களை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவாரே, கதவுக்குக் கீழே வெள்ளையாக நுரைத்துக்கொண்டு நிற்குமே, அதேதான். ஃபெயில் விட்ட கேள்வியைச் சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் கடலை கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

இதைச் சொன்னதும் நீ "அப்போ பயணத்தையும் பாடத்தையும் சேர்த்துவிடலாம்" என்று துள்ளாதே. அது சில நேரம் தானாக நடக்கும், அவ்வளவுதான். ஆகனுக்குக் கிட்ட ஐஃபெல் மலையில் ஊர்ஃப்ட் அணை இருக்கிறது, ஆகனில் பேராசிரியராக இருந்த ஓட்டோ இன்ட்சே வடிவமைத்தது, 1905இல் கட்டி முடிந்தது, 58 மீட்டர் உயரம், அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலேயே பெரிய நீர்த்தேக்கம். பக்கத்து ஊர் வரை பஸ்ஸில் போய் மிச்சத்தை நடக்கலாம், கட்டாயம் போ. ஆனால் பிரசெல்ஸில் வாஃபிள் சாப்பிட்டதற்கும் காரணம் தேடத் தொடங்கினால் அது பயணமில்லை, இன்னொரு அசைன்மென்ட். வாஃபிளை வாஃபிளாகவே சாப்பிடு.

நான் பிறகு பிடித்துக்கொண்டது ஒரு விஷயம்தான். போகிறேனா இருக்கிறேனா என்பதை வெள்ளிக்கிழமை பின்நேரம் ஆறு மணிக்கு முடிவெடுப்பேன், அதன் பிறகு மாற்ற மாட்டேன். முடிவு என் ஆசையைப் பொறுத்ததும் இல்லை. அந்தக் கிழமை தந்த பயிற்சித் தாள் எல்லாவற்றையும் நானே ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்க வேண்டும். சரியாக வந்திருக்க வேண்டும் என்றில்லை, எந்த வரியில் மாட்டினேன் என்று தெரிந்தால் போதும். தெரிந்தால் போவேன், புத்தகம் இல்லாமல். தெரியாவிட்டால் இருப்பேன், இன்ஸ்டாகிராம் இல்லாமல். இரண்டிலும் அரைகுறை கூடாது. மாட்டின வரியோடு ரயிலில் போனால் பல தடவை திரும்பி வரும்போது அது அவிழ்ந்திருக்கும், ஏனென்று கேட்காதே.

இரவு தங்குவதை விட்டுவிட்டேன். சனி விடியப் போய்ச் சனி இரவே திரும்பினால் ஞாயிறு முழுசாக மிஞ்சும். உன் செமஸ்டர் கட்டணத்தோடு வருகிற டிக்கெட் ஜெர்மனி முழுக்கச் சாதாரண ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் செல்லும், வேக ரயிலில் மட்டும் ஏறிவிடாதே. எனக்கு முதல் செமஸ்டரில் அந்த மாநிலத்துக்குள் மட்டும்தான் சென்றது, நாடு முழுக்கச் செல்கிற டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்த பிறகுதான் எங்களுக்கும் மெல்ல மெல்ல வழி திறந்தது. கடைசி ரயிலை மட்டும் நம்பாதே, அதற்கு முந்தினதைப் பிடி. ஒரு நாள் கடைசி ரயில் வரவே இல்லை, பனியில் பிளாட்பாரத்தில் விடியும் வரை நின்றேன், ஞாயிறு போய்விட்டது. அப்புறம் ஞாயிறு அங்கே கடை எல்லாம் பூட்டு, அது உனக்கு இதற்குள் விளங்கியிருக்கும். சனி வெளியே போவதென்றால் வெள்ளி இரவே அரிசி, பருப்பு, முட்டை வாங்கி வை.

எல்லை தாண்டும்போது பாஸ்போர்ட்டும் வதிவிட அட்டையும் இரண்டும் கையில் இருக்க வேண்டும், போட்டோ கொப்பி போதாது. அட்டையை வைத்து மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை நிற்கலாம். அட்டை புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுத் தற்காலிகத் தாளோடு இருக்கிற காலத்தில் மட்டும், வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்காமல் வால்ஸுக்குக்கூடப் போகாதே. லண்டன் மாமா வீட்டுக்கு வேறு வீசா வேண்டும், அதைத் தனியாகப் பேசுவோம்.

ஜனவரி நடுப்பகுதியிலிருந்து எங்கும் போகாதே, இதில் மட்டும் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. டிசம்பரிலேயே மாணவர் சங்கத்தில் பழைய கேள்வித்தாள்களை எடுத்து வை, நேரம் வைத்துப் போட்டுப் பார். நான் அதை ஜனவரி கடைசியில்தான் திறந்தேன்.

ஒரே ஒரு விலக்கு உண்டு, ஹம் என்கிற நகரம். ஆகனில் ஏறினால் மாறாமல் அதே ரயில் கொலோன், டூசல்டோர்ஃப், டோர்ட்மண்ட் எல்லாம் தாண்டி ஹம்மில் போய் நிற்கும், கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம். அங்கிருந்து பஸ்ஸில் ஊன்ட்ராப்புக்குப் போனால் தொழிற்சாலைகளுக்கு நடுவில் கோபுரம் தெரியும், காமாட்சி அம்பாள் கோயில், 2002இல் கும்பாபிஷேகம் நடந்தது, எங்கள் சனம் கட்டினது. போகும்போது இரண்டு கணக்கு, வரும்போது நித்திரை. புத்தகம் இல்லாமல் போ என்று சொன்ன நான் இங்கே மட்டும் புத்தகம் கொண்டு போனேன், கோயிலுக்குப் போகிற வழியில் படித்தால் ஏறும் என்று ஒரு நம்பிக்கை, சிரிக்காதே. பிரசாதம் வாங்கிக்கொண்டு நின்றபோது ஒரு அம்மா "எந்த ஊர் புள்ள?" என்று கேட்டார். மட்டக்களப்பு என்றதும் என் கையிலிருந்த சோற்றின் மேல் இன்னொரு அகப்பை வைத்தார்.

பாஸ் பண்ணின பிறகு நான் போன முதல் பயணம் ரொட்டர்டாம் பக்கம், மாஸ்லான்ட்கேரிங் என்கிற வெள்ளத் தடுப்பு. போக நாலு மணித்தியாலம், வர நாலு. 1953 வெள்ளத்தில் நெதர்லாந்தில் 1,836 பேர் செத்தார்கள், அதற்குப் பிறகு தொடங்கின பெரிய வேலைத்திட்டத்தின் கடைசித் துண்டு இது, 1997இல் முடித்தது. ஆற்றின் இரண்டு கரையிலும் ஒவ்வொரு கதவு, ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளம், 22 மீட்டர் உயரம். கடல் பொங்கினால் இரண்டும் மிதந்து வந்து நடுவில் சந்தித்து, தண்ணீரை நிரப்பிக்கொண்டு கீழே அமர்ந்துவிடும். அந்த இரும்பு மூட்டுக்குப் பக்கத்தில் நின்றபோது எனக்குப் பாலமீன்மடு முகத்துவாரம்தான் ஞாபகம் வந்தது. 2011 ஜனவரி வெள்ளம் உனக்கு நினைவிருக்கும், சின்னம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார், நீ இடுப்பில் ஏறுகிற வயதுமில்லை. நெதர்லாந்துக்காரருக்குக் கடலை வெளியே நிறுத்த வேண்டும், எங்களுக்கு வாவியை வெளியே விட வேண்டும், அதற்கு மண்மேட்டை வெட்ட வேண்டும், எப்போது எவ்வளவு வெட்டுவது என்பதில் இன்றைக்கும் எங்கள் ஊரில் சண்டை. இப்போது நான் இங்கே பார்க்கிற வடிகால் வேலையில் அந்தச் சனிக்கிழமை அடிக்கடி வந்து போகும். சும்மா பார்க்கத்தான் போனேன்.

இனி வீட்டு விஷயம். படம் போடுவதை நிறுத்தாதே, சின்னம்மாவை மறைத்து மற்றவர்களுக்குப் போடவும் தொடங்காதே. அது மாமி வழியாகவோ பக்கத்து வீட்டு வழியாகவோ வந்து சேரும், அப்போது கதை வேறு மாதிரி வரும். நான் 5.0ஐ மறைத்தேன், அடுத்த ஆறு மாதம் போனில் அம்மாவோடு ஒழுங்காகக் கதைக்க முடியாமல் போனதுதான் அதில் எனக்கு மிஞ்சினது. ஞாயிறு அறையில் இருக்கிற நேரம் சின்னம்மாவுக்கு ஒரு வீடியோ கோல் எடு, மேசையைக் காட்டு, மாட்டின கணக்கையும் காட்டு. அவருக்கு விளங்காது. நீ ஒன்றில் மாட்டிக்கொண்டு முழிக்கிறாய் என்பது விளங்கும், அவருக்கு அது போதும்.

நேற்றுச் சின்னம்மா போகும்போது வாசலில் நின்று ஒன்று கேட்டார். அந்த வாஃபிள் என்ன மாவில் சுடுகிறார்கள், வீட்டில் செய்யலாமா என்று. உனக்குத் தெரிந்தால் என்னிடம் சொல்லாதே, அவரிடமே சொல்லு.

அக்கா
கல்லடி